பதினொரு வேடியப்பன்கள்

ஜவ்வாது மலை
3.2.2025

மாமாவுக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. எங்கள் சங்கத்தின் வலைத்தளத்தைப் பழைய ட்ருபல் மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றித் தந்தீர்களே, டோலிப் பட்டியலைத் திறந்து பார்த்தீர்களா? ரோடு இல்லாமல் ஆறு வருடத்தில் ஆஸ்பத்திரிக்குக் கம்பில் டோலி கட்டி நாங்கள் தூக்கிப்போன நோயாளிகள் அறுபத்து மூன்று பேர். இப்போது இருபத்தெட்டுதான் இருக்கிறது. பதினொரு வேடியப்பன்கள் ஒரே வேடியப்பன் ஆகிவிட்டார்கள். கால் முறிந்த வேடியப்பன் நேற்று வந்து, "இன்னா நதியா, என்னியத் தூக்கினு போனது பொய்யா?" என்று கத்திவிட்டுப் போனார்.

17ஆம் தேதி ரோடு மனு விசாரணை. அதிகாரி வலைத்தளத்தைப் பார்த்துத்தான் கணக்கெடுப்பாராம். ஏறி வந்து எண்ண அவருக்கும் ரோடு இல்லை.

இங்கே சிக்னல் இல்லை. பழைய பேக்கப்பைப் பென் டிரைவில் போட்டுக் ஜமுனாமரத்தூர் பஸ் கண்டக்டர் கோபாலிடம் கொடுத்திருக்கிறேன்.

நதியா

சந்தவாசல்
5.2.2025

அன்புள்ள நதியா,

பென் டிரைவ் கிடைத்தது. தப்பு என்னுடையதுதான். தரவை ஏற்றும்போது ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமாகப் பெயரை வைத்தேன். அதே பெயர் மறுபடி வந்தால் முதல் பதிவின் மேலேயே அடுத்தது ஏறிவிடும். உங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சாமி பெயர்தான் என்பது அங்கே பெண் எடுத்த எனக்குத் தெரியாதா? "மாதம்மான்னு கூப்ட்டா நாலு பேரு திரும்புவாளுங்க, ஏ புள்ளன்னே கூப்டுங்க" என்று உன் அக்கா சொல்லுவாள். அதை மறந்து வேலை செய்திருக்கிறேன்.

இந்தத் தடவை வரிசை எண்ணை அடையாளமாக வைத்து ஏற்றுகிறேன். நாலு நாள் பொறு.

தனசேகரன்

ஜவ்வாது மலை
11.2.2025

மாமாவுக்கு,

ஜமுனாமரத்தூர் போய்ப் பார்த்தேன். அறுபத்து மூன்றும் வந்துவிட்டன. அறுபத்திரண்டு சரி. முப்பத்தேழாவது பதிவில் அக்கா படம், அக்கா தேதி. கீழே "உயிர் பிழைத்தார்" என்று இருக்கிறது. அது வேறொரு மாதம்மாளுக்கு எழுதியது.

கட்டின பெண்டாட்டியின் பதிவைக்கூடப் படிக்க உங்களுக்கு நேரமில்லையா? ஐந்து மணி நேரம் அந்த டோலியின் முன்கம்பு உங்கள் தோளில்தானே இருந்தது?

நதியா

சந்தவாசல்
13.2.2025

நதியா,

படித்தேன். இரண்டாம் தடவை ஏற்றியபோது அதுவும் சரியாகத்தான் வந்தது. "வழியில் இறந்தார்" என்று இருந்தது. நான்தான் பழையபடி மாற்றினேன். முதல் தடவை வேறொரு மாதம்மாளின் முடிவு மட்டும் இவள் படத்துக்குக் கீழே தப்பாக ஏறியதிலிருந்து அந்தப் பக்கத்தில் அவள் பிழைத்திருந்தாள். தினமும் என் கம்ப்யூட்டர் கடையைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பேன்.

கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீயே மாற்று. என்னால் ஆகவில்லை.

தனசேகரன்

ஜவ்வாது மலை
15.2.2025

மாமா,

மாற்றிவிட்டேன். திட்டி எழுத நாலு தாள் கிழித்தேன், இது ஐந்தாவது. உங்கள் கடைத் திரையில் அக்கா பிழைத்திருந்தால், இங்கே ரோடு வராது, கம்பைத் தோளிலிருந்து இறக்க முடியாது. பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அவளையாவது வண்டியில் அனுப்பணும்.

திங்கள்கிழமை கீழே விசாரணைக்கு நேரே வாங்க என்று கூப்பிடவில்லை, ஞாயிற்றுக்கிழமையே மேலே ஏறி வாங்க. ஜமுனாமரத்தூர்வரை நடந்து, அங்கிருந்து முதல் பஸ்ஸில் எல்லோருமாகப் போகிறோம். பட்டியலை நான்தான் படிப்பேன். மாதம்மாள் என்றதும் எழுந்துவிடாதீர்கள், பட்டியலில் ஆறு பேர் இருக்கிறார்கள். முப்பத்தேழு என்றதும் எழுந்து நில்லுங்கள். தூக்கின தோளை அந்த ஆள் பார்க்கட்டும்.

நதியா