சாரி சொல்லாத சிலும்பி

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையைத் திறந்ததும் கண் பரிசோதனைக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்! கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கடைசி வரி வரை ஒப்பித்தார். அட்டையை மாற்றினேன். "இது போங்காட்டம்மா" என்றார். நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், பதிப்பாளர் போன் செய்யும் வரை.

என் நாவலுக்கு இணையத்தில் கருத்துகள் வந்திருக்கின்றனவாம். வரிசையாக வாசித்துக் காட்டினார். "திமிர் பிடித்தவள்." "நன்றி கெட்ட ஜென்மம்." "என் மகளாக இருந்தால் காலை உடைத்திருப்பேன்." "எழுத்து நன்று, பெண்தான் சரியில்லை." கடைசியாக வாசித்தது, சம்பந்தம் பேச வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிற மாதிரியே இருந்தது.

அப்படி என்னதான் செய்துவிட்டாள் என் சிலும்பி? வயது பதினாறு. சீப்புக்கு அடங்காத தலைமுடி, அதனால் அந்தப் பெயர். கால்பந்து கோல்கீப்பர். அக்காவின் கல்யாண வரவேற்பு அன்றைக்கே இறுதி ஆட்டமும் வந்துவிடுகிறது. தலைவலி என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, மண்டபத்துப் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறாள். ஆட்டத்தில் தோற்கிறாள். திரும்பி வருகிறாள். சாரி சொல்வதில்லை. அவ்வளவுதான்.

இதே பதிப்பாளர் போன வருஷம் போட்ட நாவலில் ஒரு பையன் அப்பாவின் பைக்கைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போய்க் கடலில் இறக்குகிறான். அவனுக்கு என்ன கருத்து? "நம்ம பையன்!" "குறும்புக்காரன்!" இதயம் இதயமாக.

பதிப்பாளர் கெட்டவர் இல்லை. "அடுத்த பதிப்புல ஒரே ஒரு பக்கம் சேர்த்துடேன். அம்மா மடியில தலை வச்சு 'சாரிம்மா'ன்னு சொல்லட்டும். அழுதா இன்னும் நல்லது" என்றார்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 6, வியாழன்

என் அக்கா பேச மாட்டேன் என்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், சாதாரணமாகப் பேசினாலே ஹார்ன் அடித்த மாதிரி இருக்கும். இப்போது மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி அனுப்பினாள்: "சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறாங்க. என் கல்யாணத்துல நீ ஓடிப் போனியாமே."

நான் எங்கேடி ஓடினேன்? அன்றைக்கு முழுக்க மண்டப வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததுதான் மிச்சம். கதை என்றால் கதை. இது ஏன் யாருக்கும் புரிய மாட்டேங்குது?

மார்ச் 9, ஞாயிறு

அந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். அம்மா மடி, அழுகை, சாரி, எல்லாம் இருக்கிறது. காபி ஆறுவதற்குள் முடிந்தது. இவ்வளவு சுலபமாக நான் எதையும் எழுதியதே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு, புதுசா ஒரு பொண்ணு?" என்றார்.

மார்ச் 10, திங்கள்

வெள்ளிக்கிழமை ஒரு பள்ளியில் பேச அங்கத்திய நூலகர் கூப்பிட்டிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

பள்ளி நூலகம் நிறையப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, பதினாலு பதினைந்து வயது. ஒருத்தன் நாற்காலியைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து ஆடிக்கொண்டிருந்தான். யாரும் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. நூலகர் என்னை அறிமுகப்படுத்தப் போன நேரத்தில் அவருக்கு யாரோ ஆள் அனுப்ப, "ஆரம்பிங்க, வந்துடறேன்" என்று ஓடிவிட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து சுவர் ஏறும் அத்தியாயத்தை அப்படியே வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மெல்ல மெல்ல அடங்கினார்கள். பின்கட்டில் சமையல்காரரிடம் மாட்டிக்கொள்ளப் பார்க்கிற இடத்தில் சிரிப்பு. சுவரில் சட்டை மாட்டிக் கிழிகிற இடத்தில் "அய்யோ!" குதித்ததும் கைதட்டல். நாற்காலி ஆட்டக்காரன் எழுந்தே நின்றுவிட்டான். "செம பையன் மிஸ்!"

பையனா?

அப்போதுதான் உறைத்தது. சிலும்பி தன் கதையை 'நான்' என்று சொல்கிறாள். நான் ஏறினேன், நான் குதித்தேன், நான் ஓடினேன். தமிழில் அது ஆணா பெண்ணா, யார் கண்டது? இவர்களாகவே பையன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் திருத்தவில்லை. சத்தியமாகத் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆனால் வாய் திறக்க மனசு வரவில்லை. "அம்மாகிட்ட பொய் சொன்னது தப்பில்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

"பாவம் மிஸ், மேட்ச் இருக்குல்ல!"

"டீமே அவனை நம்பி நிக்குது!"

"அவங்க அக்காவுக்கு மாப்பிள்ளை இருக்காரு. இவனுக்கு யாரு இருக்கா?"

இதைச் சொன்னவள் ஒரு பெண். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சரி என்று மேலே வாசித்தேன். தோற்றுப்போய், சேற்றோடு, வரவேற்பெல்லாம் முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிற இடம். அம்மா வாசலில் நிற்கிறாள். "எங்கடி போய்த் தொலைஞ்சே?"

'டி.' ஒரே ஒரு எழுத்து.

எல்லோரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொண்ணா?" என்றது ஒரு குரல். அப்புறம் ஆரம்பித்தது. "அக்கா கல்யாணத்துல இப்படியா பண்ணுவா?" "அம்மா எவ்ளோ பயந்திருப்பாங்க!" "ஓவர் மிஸ் இது." நாற்காலி ஆட்டக்காரனைப் பார்த்து, "இப்பதானே செம பையன்னு எழுந்து நின்னே?" என்றேன்.

"அது வேற மிஸ்."

"என்ன வேற?"

விட்டத்தைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தெரியல மிஸ். வாய்ல வந்துடுச்சு."

எனக்கு உள்ளூர வெற்றி. மாட்டினீங்களா என்று ஒரு சின்ன உரை ஆற்றத் தயாராகிவிட்டேன். நல்லவேளை, அதற்குள் கடைசி வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள். இரட்டைச் சடை, ஒன்று அவிழ்ந்து கிடந்தது.

"எனக்கும் அவளைப் பிடிக்கல மிஸ்."

"ஏன்?"

"பையன்னு நெனச்சப்போ ஜாலியா இருந்துச்சு. பொண்ணுன்னு தெரிஞ்சதும் பயமாயிடுச்சு. சீக்கிரம் சாரி சொல்லிடு, சொல்லித் தொலைடின்னு மனசுக்குள்ள கத்திட்டே இருந்தேன். இல்லன்னா அடி விழுமே."

யாரும் சிரிக்கவில்லை. என் உரை எங்கே போனதோ தெரியவில்லை.

"சொன்னாளா மிஸ்?"

"இல்லம்மா."

"அப்போ அடி விழுந்துச்சா?"

"இல்ல. அம்மா கொஞ்ச நேரம் திட்டினாங்க. அப்புறம் தட்டு வச்சாங்க. சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டா."

என்னையே பார்த்தாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஒண்ணுமே ஆகலையா?"

"ஒண்ணும் ஆகல."

அந்த முகத்தை எப்படி எழுதுவது? முதலில் நம்பாத மாதிரி. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு. பொத்த முடியாமல் கை விலகி இன்னொரு சிரிப்பு. பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றி, அவளிடமிருந்து முன்வரிசைக்குத் தாவி, கடைசியில் மொத்த நூலகமும் சிரித்தது. நானும். நூலகர் திரும்பி வந்தவர் என்ன ஜோக் என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்.

பேருந்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்தெல்லாம் குதிக்கிறது. எத்தனை பேர் அவளைத் திட்டினார்களோ, அத்தனை பேரும் உள்ளுக்குள் இந்தப் பெண் மாதிரியே பயந்துகொண்டிருந்தார்களா? சிலும்பிக்காகவா? தங்களுக்காகவா?

மார்ச் 15, சனி

மடியில் அழுகிற பக்கத்தைக் கிழித்தேன். கணினியிலும் அழித்தேன். பிறகு பதிப்பாளரிடம் போனேன், போனில் சொல்லத் தைரியம் இல்லை என்பதால் இல்லை, நேரில் சொல்ல ஆசையாக இருந்தது.

நூலகத்தில் நடந்ததை நடித்தே காட்டினேன். 'டி' வருகிற இடத்தில் அவர் கையில் இருந்த பேனா நின்றது. கடைசி வரிசைப் பெண்ணைச் சொன்னபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (அந்தக் கண்ணாடி அவருக்குப் பொருந்தவில்லை. மாற்றச் சொல்ல வேண்டும்.)

"ஆக, சாரி கிடையாது."

"கிடையாது."

"விக்கலைன்னா?"

"நம்ம ரெண்டு பேரும் சாரி சொல்லிக்கலாம்."

"உன்கிட்ட இருந்துதானே அவ பேசக் கத்துக்கிட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் சிரித்தார். பின்னட்டையில் "இவள் சாரி சொல்ல மாட்டாள்" என்று போடலாமா என்று அவரே கேட்டார். கோடி முறை போடுங்கள்!

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வீட்டுக்குக் கூப்பிடாமலே போனேன். மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் கிளிப்பை எடுத்து நீட்ட ஆரம்பித்தேன். ஒரு கயிறு நிறைந்தது. பிறகு,

"எனக்கு உன் சிலும்பி மேல கோவமே இல்ல."

"பின்ன?"

"அந்த அக்கா மேலதான். என்னடி அவ, பொம்மை மாதிரி மேடையில நின்னுக்கிட்டு! தங்கச்சி சுவர் ஏறுறது தெரியாமலா இருக்கும்? நானா இருந்தா ஏணி பிடிச்சிருப்பேன்."

போர்வை நடுவில் தொங்கியது. அவள் முகம் தெரியவில்லை.

"அன்னிக்கு உனக்கும் எங்கயாவது போகணும்னு இருந்துச்சா?" என்றாள் போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ஓவியப் போட்டி இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருஷம் கழித்து ஒரு ஈரப் போர்வையிடம் சொன்னேன்.

"லூசு. கேட்டிருக்கலாம்லடி."

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து, இன்னும் சொட்டிக்கொண்டிருந்த போர்வையை இறக்கி மறுபடி பிழிந்தோம். அவள் வேண்டுமென்றே என் மேல் பிழிந்தாள். சட்டை முழுக்க நனைந்து, கத்திச் சிரித்து, கீழ்வீட்டு மாமா எட்டிப் பார்த்து — நாற்பது வயதுக் கழுதைகள் இரண்டு!

அடுத்த புத்தகத்தில் அக்காவுக்குப் பெரிய பாகம் வேண்டுமாம். உத்தரவு.

ஏப்ரல் 8, செவ்வாய்

புதிய பதிப்பு வந்துவிட்டது. அட்டையில் முடி இன்னும் அதிகமாகச் சிலும்பியிருக்கிறது. நல்லது.

ஜூன் 20, வெள்ளி

இன்று ஒரு தாயும் மகளும். அம்மாவுக்கு முதல் படிப்புக் கண்ணாடி. எழுத்து மங்குகிறது என்று ஒப்புக்கொள்ளவே ஒரு வருஷம் ஆனதாம். கண்ணாடியைப் போட்டுவிட்டு, "ஏதாவது படிச்சுப் பாருங்க" என்றேன். கடையின் எழுத்து அட்டை அவருக்குப் பிடிக்கவில்லை. மகளின் பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார்.

சிலும்பி.

லென்ஸ் துடைக்கிற துணியை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன்.

அந்த அம்மா கையை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை பார்த்தார். பிறகு நிமிரவில்லை. ஒரு பக்கம். அடுத்த பக்கம். "என்ன பொண்ணு இது? அம்மாகிட்ட எப்படிப் பேசுது பாரு. திமிர்!"

"குடும்மா, என் புக்கு."

"இரு."

"பிடிக்கலைன்னா குடு."

"பிடிக்கலைதான். கையை எடு, எழுத்து மறைக்குது."

"எழுத்து தெளிவாத் தெரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியுது, தெரியுது" என்று பக்கத்தைத் திருப்பினார். மகள் அவர் தோள் மேல் முகவாயை வைத்துக்கொண்டு கூடவே படிக்க ஆரம்பித்தாள். அடுத்து நின்றவர் இருமினார்.

"கொஞ்சம் உக்காருங்க சார்" என்றேன். "பரிசோதனை இன்னும் முடியல."