கப்பல் மூக்கில் நீ வைத்த மஞ்சள்

என் புவிக்கு,

மதியம் இரண்டு நாற்பத்தேழு. ஒரகடத்தில் எங்கள் கம்பெனியின் அளவெடுக்கும் அறையில் நின்று ஒரு கியரின் பல்லை அளந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. திரையில் உன் பெயர். "இன்னாடி, இப்ப இன்னா காணோம்?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன். நீ அந்த நேரத்தில் கூப்பிட்டால் ஏதாவது காணாமல் போயிருக்கும். சின்ன இடுக்கி, ஆரி ஊசி, இல்லையென்றால் நாம் செய்துகொண்டிருந்த பொம்மைக் கப்பலின் நங்கூரம்.

பேசியது நீ இல்லை. "சார், இந்த போன்ல கடைசியா பேசின நம்பர் உங்களுதுதான். அவங்களுக்கு நீங்க இன்னா ஓணும்?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. பெருநகர் ரோட்டில், அந்த ஊரில் இருக்கும் உன் அப்பா வீட்டுக்குப் போகும் வழியில், வண்டி சறுக்கி நீ விழுந்ததையும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டதையும் அவர்தான் சொன்னார். அவசரப்படாமல் சொன்னார். நல்ல மனிதர். அவருக்கு நான் பதில் சொன்னேனா, இல்லையா? இன்னும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்றிலிருந்து நான் போனை அணைத்ததில்லை. உன் போனையும்தான். இரண்டும் அலமாரி மேல் பக்கத்துப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கின்றன. உன் நம்பரிலிருந்து ஒரு தடவை வேறு யாரோ பேசினார்கள். அடுத்த தடவை நீ பேச மாட்டாயா? மாட்டாய் என்று தெரியும். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன், அலமாரி மேல் கிடக்கிற போன் தானாகக் கூப்பிடாது என்று எனக்குத் தெரியாதா. தெரிந்தும் அணைக்கக் கை வரவில்லை.

உத்திரமேரூரில் யாரைப் பார்த்தாலும் உன்னைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறார்கள். அதனால் கப்பலைப் பற்றிக் கேட்கிறார்கள். பால்காரர்கூடக் கேட்டார். "அந்தக் கப்பலு இன்னா ஆச்சு தம்பி?" எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன். நீயும் கேள்.

உன் அப்பாவுக்குக் கொடுக்கத்தான் ஆரம்பித்தோம். அவர் என்ஜின் அறையில் வேலை பார்த்த போர்க்கப்பல், ஒட்டிச் செய்யும் பொம்மையாக எந்தக் கம்பெனியின் பெட்டியிலும் வருவதில்லை. உடைத்துப் பழைய இரும்பாகப் போட்ட கப்பலை யார் பொம்மையாகச் செய்வார்கள்? அதே வகையைச் சேர்ந்த வேறு நாட்டுக் கப்பல்தான் கிடைத்தது. நிஜக் கப்பலில் முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு மாலுமி, அரிசி மணியை விடக் கொஞ்சம் குட்டை. புகைபோக்கியை அறுத்து எறிந்தோம். ஹெலிகாப்டர் கொட்டகையை பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகக் கட்டினோம். பெட்டியோடு வந்த கைப்பிடிக் கம்பியை நான் அளந்து, "இத்த நிஜக் கப்பல் சைசுக்குப் பெருக்கினா ஆளு தொடை கனம் வரும்டி" என்றேன். "அப்ப தூக்கிப் போடு" என்றாய். காகிதத்தைவிட மெல்லிய பித்தளையில் அமிலத்தால் அரித்தெடுத்த கம்பிகளைத் தனியாக வரவழைத்தோம். அவற்றை உன் ஆரிச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து நீதான் மடித்தாய். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டில் தைத்தது போக மிஞ்சிய கண்ணாடி மணிகள்தான் நம் கப்பலின் தேடுவிளக்குகள்.

சாலவாக்கத்து வளைகாப்பு ஞாபகம் இருக்கிறதா? கிளம்புகிற நேரத்தில் ரேடாரை ஒட்டிக்கொண்டிருந்தாய். மேஜையில் என் போன் அதிர்ந்தது. கொசு அளவு ரேடார் துள்ளி உன் நகத்தில் ஒட்டிக்கொண்டது. பசை காய்ந்துவிட்டது, எடுக்க நேரமில்லை, அப்படியே வந்தாய். அங்கே ஒரு அத்தை உன் கையைப் பிடித்துப் பார்த்து, "இது இன்னா டிசைனுடி, புதுசா கீது?" என்று கேட்டாள். "ரேடாரு அத்தே. உன் மருமவ எங்க கீறான்னு காட்டும்" என்றாய். அந்தப் பந்தியே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சட்டம் போட்டாய். "இன்னிமே கப்பல் மேல கை வெச்சா, ரெண்டு போனும் வாய மூடிக்கினு கெடக்கணும்." அதன் பிறகு நாம் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை.

இப்போது மஞ்சளுக்கு வருகிறேன்.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் பூஜை முடித்து, பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். வண்டிக்கு வைத்திருந்தாய், ஆரிச் சட்டத்துக்கு வைத்திருந்தாய், என் வெர்னியர் அளவுகோல் பெட்டிக்கும் பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரஸருக்கும்கூட வைத்திருந்தாய். கடைசியில் பார்த்தால், அப்போதுதான் ஒட்டி முடித்த வெறும் பிளாஸ்டிக் கப்பலின் மூக்கிலும் மஞ்சளும் குங்குமமும்.

"இன்னாடி இது, பிளாஸ்டிக்ல போயி மஞ்சள அப்பி வெச்சிக்கீறே?"

"ஆயுதந்தான மாமா? பீரங்கி கீது, குண்டு கீது. இதுக்கு வெக்காம உன் ஸ்க்ரூ டிரைவருக்கா வெப்பாங்க?"

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். குங்குமம் போனது. மஞ்சள் இன்னும் உள்ளே இறங்கியது. மேலே சாம்பல் நிறத்தில் முதல் பூச்சு அடித்தேன். மறுநாள் காலையில் அந்தச் சாம்பலுக்கு மேலே மஞ்சள் வந்து நின்றது, உன் மோதிர விரலின் நுனி அளவுக்கு. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, நீ எட்டிப் பார்த்து, "கப்பலுக்குக் காமால வந்துட்ச்சி மாமா. கீயாநெல்லி அரைச்சிக் குடு" என்றாய்.

"உங்கப்பா கப்பலு மூக்குல மஞ்ச இருந்துச்சா இன்னா?"

"போயி அவரக் கேளு. நான் அப்பப் பொறக்கவே இல்ல."

நான் கேட்கவில்லை. கேட்டால் நீ வைத்ததைச் சொல்ல வேண்டிவரும், அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அதற்கும் நீயே வழி சொன்னாய். "ரெண்டு நாளு வெயில்ல வையி. துணியில மஞ்சக் கறை பட்டா வெயில்லதான் போவும்." பிளாஸ்டிக் வெயிலில் வளைந்துவிடும் என்று நான் ஒரு வகுப்பே எடுத்தேன். எல்லாம் முடிந்த பிறகு மூக்கை நன்றாகத் தேய்த்து ஒரேயடியாகச் சரிசெய்கிறேன் என்றேன்.

எல்லாம் முடிகிற கட்டத்துக்குத்தான் வந்திருந்தோம். பெரிய கம்பத்திலிருந்து இழுத்துக் கட்டும் ஏரியல் கம்பிகள் மட்டும் பாக்கி. மிச்ச பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாய். அது உன் வேலை, என்னைத் தொடவிட மாட்டாய். மறுநாள் கட்டலாம் என்றாய். அதற்குள் ஒரு எட்டு அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்தாய்.

அதற்குப் பிறகு நாம் கப்பல் கட்டிய உன் அறைக்குள் நான் போகவே இல்லை. கப்பல் ஜன்னல் ஓரத்தில் உன் ஆரிச் சட்டத்தின் மேலேயே நின்றது. ஒருநாள் அம்மா கதவைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்தே என் கண்ணில் பட்டது. மஞ்சள் வெளுத்திருந்தது. அத்தனை நாள் என் கண்ணை உறுத்திய மஞ்சள், பழைய சந்தனம் மாதிரி ஆகியிருந்தது. ஜன்னல் வெயில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நீ சொன்னது சரிதான் புவி.

ஜன்னலைச் சாத்தினேன். உன் கறுப்பு துப்பட்டாவை எடுத்துக் கப்பல் மேல் போர்த்தினேன். கறையை எடுக்க வழி தேடியவன், கறையைக் காப்பாற்ற வழி தேடினேன். வெயிலைத் தடுக்கும் வார்னிஷ் இருக்கிறது. ஆனால் அதை அடித்தால் அதன் ஈரத்திலேயே மஞ்சள் கரைந்து பரவிவிடும், உன் விரல் அளவு போய்விடும். இருட்டு ஒன்றுதான் வழி. இருட்டில் வைத்தால் மஞ்சள் நிற்கும். ஆனால் இருட்டில் யாரால் இழை கட்ட முடியும்?

போன வாரம் உன் அப்பா வந்தார், பெருநகரிலிருந்து பஸ்ஸில். இளைத்துவிட்டார். எங்கம்மா தன் அண்ணனைப் பார்த்ததும் காபி போடச் சமையலறைக்குள் போய்விட்டார்கள். அவர் நேராக உன் அறைக்குப் போனார்.

"இன்னா மாப்ள, கப்பலுக்கு முக்காடு போட்டு வெச்சிக்கீறே?"

"தூசி மாமா."

"தூசிக்கு ஜன்னலக் கூடவா சாத்துவாங்க? வூடே இருட்டாக் கீது. காட்டு, பாப்போம்."

பின்பக்கம் மட்டும் துணியைத் தூக்கினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளைகளை வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு நேர் கீழதான் நான் நின்னுக்கினு இருப்பேன். மேல காத்து வருதான்னு பாத்துக்கினே" என்றார். பெட்டியில் வந்தபோது அந்தத் துளைகள் அடைத்திருந்தன, ஊசியால் ஒவ்வொன்றாகத் திறந்தது நீதான் என்று சொன்னேன். அவர் முன்பக்கம் நகர்ந்தார்.

"மூக்கையும் காட்டு."

காட்ட வேண்டியதாகிவிட்டது. "இது இன்னா, மஞ்சளா?" என்றார். நீ வைத்ததைச் சொன்னேன். காமாலை வரைக்கும் சொன்னேன். உன் அப்பா சிரித்தார் புவி. நீ போன பிறகு அதுவரை அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"நாங்க மட்டும் இன்னா? ஆயுத பூஜைன்னா கீழ என்ஜினுக்கெல்லாம் வெப்போம். அந்தச் சூட்டுல எங்க நிக்கும்? ஒரு வாரத்துல கருகிப் பூடும். அதுக்காவ என்ஜின நிறுத்தியா வெப்பாங்க? அடுத்த வருசம் மறுபடியும் வெப்போம்."

மழை வருமா என்று பேசுகிற மாதிரிதான் சொன்னார். துணியை எதற்காகப் போட்டேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கெயம வரேன். கம்பி கட்னாலும் சரி, கட்டாங்காட்டியும் சரி, நான் எத்துக்கினு போறேன். அவ எனக்குன்னுதான செஞ்சா" என்றார்.

உங்கள் வீட்டுக் கூடம் எனக்குத் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம். அங்கே போனால் ஒரு மாதத்தில் உன் விரல் இருந்த இடம் தெரியாது. "குடுக்க முடியாது மாமா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

அவர் கோபப்படவில்லை. "பொண்ணையே குடுத்தேன்டா உனக்கு" என்றார். அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து அம்மா, "அண்ணா, காபி ஆறிக்கினு கீது" என்றார்கள்.

இன்று சனிக்கிழமை. நாளைக்கு அவர் வருவார்.

காலையில் அந்த அறைக்குப் போய்த் துணியை எடுத்தேன். வெர்னியரைக் கையில் எடுத்துக் கப்பலின் மூக்கருகில் கொண்டுபோனேன், அந்த மஞ்சளின் அகலத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று. பிறகு பெட்டியிலேயே வைத்துவிட்டேன். எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? அதே அளவில் இன்னொரு விரல் செய்யவா?

கம்பி கட்டாத கப்பலாக அதை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ இழுத்து வைத்த இழைகள் அட்டையிலேயே கிடந்து காய்ந்து உடைவதற்கும் மனம் வரவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெயில் வந்து மூக்கின் மேல்தான் முதலில் விழுந்தது. விழட்டும் என்று நின்றேன். கொஞ்ச நேரம் கையால் மறைத்துக்கொண்டும் நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அளவுக்கு எனக்குக் கை நிதானம் கிடையாது. நீ கட்டினால் வீணைத் தந்தி மாதிரி நிற்கும், நான் கட்டினால் கொடிக்கயிறு மாதிரி தொங்கும். தொங்கினால் அவிழ்த்து மறுபடி கட்டுகிறேன். மூக்கைத் தேய்க்க மாட்டேன், அதன் மேல் பெயிண்டும் அடிக்க மாட்டேன். நாளைக்கு உன் அப்பா கொண்டுபோகட்டும், வெயில் எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளட்டும். வருகிற ஆயுத பூஜைக்கு பெருநகர் போய், அதே இடத்தில் நானே குழைத்து வைக்கிறேன். அடுத்த வருஷமும் வைப்பேன், அதற்கடுத்த வருஷமும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. ஸ்பிரிட் பாட்டிலை அன்றைக்கு எடுக்கவே மாட்டேன்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார்கள். "நாஷ்டா துண்ட்டு உக்காரு நைனா" என்றார்கள். மேஜையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். "ஆராச்சும் கூப்ட்டா இன்னா சொல்றது?" என்றார்கள். கப்பல் வேலையாக இருக்கிறான் என்று சொல்லச் சொன்னேன்.

அட்டையிலிருந்து முதல் இழையை எடுத்துவிட்டேன். இடுக்கியின் நுனியில் அது நிற்கிறதா என்பதே தெரியவில்லை, வெயிலில் திருப்பினால்தான் தெரிகிறது. உன் சட்டம் எனக்கு மறக்கவில்லை புவி. முதலில் உன் போனை அணைத்தேன். இப்போது என் போனையும் அணைத்துவிட்டேன்.

நீ மாமா என்று கூப்பிட்ட,
உன் அத்தை மகன்