உன் பக்கத்து நிழல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மர வியாபாரி நேற்று வந்தார். ஓடையின் மேல்பகுதியில், உன் பங்கில் நிற்கும் மரங்களை வெட்டக் கையெழுத்துப் போட்டுவிட்டாயாம். அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆட்கள் வருகிறார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன சொல்வேன் என்று தெரிந்துதானே கேட்கவில்லை. நான் மறித்துப் பேசியதும், நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "அக்கா வெட்டும்போது வேண்டாம்னு கெஞ்சினேன். கேட்டாங்களா? இப்ப நான் மட்டும் ஏன் கேக்கணும்?"

கேட்கவில்லைதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கீழ்ப்பகுதியில் என் மரங்களையெல்லாம் வெட்டினேன். இலை விழுந்து பம்பு அடைக்கிறது என்றேன். தண்ணீரில் கிடந்த சருகையும் வாராவாரம் வாரிக் கொட்டினேன். பள்ளிக்கூட ஆய்வகத்தை முப்பது வருஷம் பெருக்கியவள். ஓடையையும் தரை என்று நினைத்துவிட்டேன்.

வேலையை விட்டு வரும்போது அங்கே கொடுத்த வெப்பமானியை நான்கு கோடையாக, மதியம் இரண்டு மணிக்கு, தண்ணீரில் வைத்துப் பார்க்கிறேன். உன் மரங்களை விட்டு வரும்போது இருபத்துமூன்று டிகிரி. என் பகுதியைத் தாண்டுவதற்குள் இருபத்தேழு. உன் பக்கம் கல்லைப் புரட்டினால் ஊறிய சருகைத் தின்னும் பூச்சிகள் சிதறி ஓடுகின்றன; அவற்றுக்காக மீன் காத்து நிற்கிறது. என் பக்கம் புரட்டுவதற்குக் கல்லே இல்லை. வேர் போன கரை சரிந்து எல்லாம் சேற்றில் புதைந்துவிட்டது. மேலே வழுவழுவென்று பாசி. பம்பு இப்போது பாசியில் அடைக்கிறது. சிரித்துக்கொள்.

யாரும் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை; நானே பார்த்துத் தெரிந்துகொண்டது. அதனால் யார் மறுத்தாலும் விடமாட்டேன்.

நாற்பது கன்று நட்டிருக்கிறேன். முழங்கால் வலி அப்படி வந்ததுதான். என் இடுப்பளவுக்கு வளர்ந்திருக்கின்றன. அவற்றின் நிழல் தண்ணீரைத் தொடும்போது நான் இருக்கப் போவதில்லை. அதுவரை இந்த ஓடைக்கு உன் பக்கத்து நிழல்தான்.

வியாபாரிக்கு ஒரு போன் போடு. போடாவிட்டாலும் பத்தாம் தேதி காலை நான் உன் மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்று அவர்களும் பார்க்கட்டும்.

என்மேல் உள்ள கோபத்தை என்மேலேயே வைத்துக்கொள். அது நியாயம்தான். நீயும் பிள்ளைகளும் குளிர்ச்சியாக இருங்கள்.

உன் அக்கா