அடைக்காமல் விட்ட துளை

இன்று காலை ஒரு சிக்னல் பெட்டியைத் திறந்ததும் கருகிய வயரின் நாற்றம் முகத்தில் அடித்தது. ஒரே ஒரு இணைப்புதான் தீய்ந்திருந்தது, ஐந்து நிமிட வேலை. ஆனால் என் கை உடனே உள்ளே போகவில்லை. என்னோடு இதே வேலை பார்த்த நீ போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இந்த நாற்றம் வரும்போதெல்லாம் அந்த மழைநாள்தான் என் முன்னால் வந்து நிற்கிறது.

லிங்கராஜபுரத்திலிருந்து இறங்கும் சாலை, ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயைக் கடக்கும் பள்ளம் அது. அரைமணி நேர மழைக்கே அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சிக்னல் தாறுமாறாக எரிகிறது என்று போக்குவரத்துக் காவலர் போன் செய்ததும் நீயும் நானும் ஒரே வண்டியில் போனோம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்துகொண்டிருந்தன. கம்பத்தை ஒட்டி நம் பெட்டி பாதித் தண்ணீருக்குள் நின்றது. நான் வண்டியை நிறுத்துவதற்குள் ஒரு தெருநாய் அந்தப் பக்கமாக நீந்திப் போனது. பெட்டிக்கு அருகில் போனதும் ஒரே ஒருமுறை கத்தியது. அப்புறம் அசையவில்லை.

"கரண்டு லீக் ஆவுது," என்றாய். "உள்ள எப்டிடா தண்ணி பூந்துச்சி? அடி ஓட்டய நீதான அடச்ச?"

தரைக்கடியிலிருந்து கேபிள்கள் பெட்டிக்குள் ஏறும் துளையை மழைக்காலத்துக்கு முன்பே தண்ணீர் புகாதபடி அடைத்துவிட வேண்டும். அந்தப் பெட்டி என் பொறுப்பு. அடைக்கப் போன அன்று கையிலிருந்த பசை தீர்ந்துவிட்டது. நாளைக்கு வந்து அடைத்துக்கொள்ளலாம் என்று வேலைத் தாளில் 'முடிந்தது' என எழுதிவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். எதிர்க்கரையில் ஒரு பெண் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பிடிமானத்துக்காகக் கம்பத்தைப் பார்த்து வந்தாள். நீ இந்தப் பக்க விளிம்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினாய்.

"ஹோகபேடி அம்மா. மத் ஜாவ். அங்கியே நில்லும்மா, கரண்டு இருக்குது."

கன்னடம், இந்தி, தமிழ் என மூன்று மொழியில் எது அவள் காதில் விழுந்ததோ, நின்றாள். பிறகு மெல்லப் பின்வாங்கினாள். நம் பக்கத்தில் நின்றவர்களோ பொறுமை இழந்திருந்தார்கள். ஒருவர் உன் சட்டையைப் பிடித்து, "ரோட்ட மறிக்க நீ யாருய்யா?" என்றார். நீ அவர் கையை விலக்கிவிட்டு, செத்துக் கிடந்த நாயைக் காட்டினாய். அவர் பின்னால் நகர்ந்தார்.

மின்சார அலுவலகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. பெட்டிக்கு மின்சாரம் வரும் சுவிட்ச் எதிர்க்கரையில், ஒரு பேக்கரியின் மதிலை ஒட்டிய கம்பத்தில் இருந்தது.

"நா சந்து வழியா சுத்திக்கினு போறேன். நீ ஆளுங்கள நிறுத்து," என்றாய்.

"நா போறேன். என் பெட்டி அது."

"பேசிக்கினு நிக்க நேரமில்ல. இங்கியே நில்லு."

வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் நீ அந்த மதில்மேல் தெரிந்தாய். ஈர மதிலில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, பேக்கரியில் வாங்கிய காய்ந்த மரக்கட்டையால் சுவிட்சின் பிடியை எட்டி எட்டி அழுத்தினாய். இந்தப் பக்கம் வழுக்கினால் தண்ணீர்தான். இரண்டு தடவை கட்டை நழுவியது. நீ விழுந்தால், தாளில் 'முடிந்தது' என்று எழுதிய நான்தான் அதற்குக் காரணம் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. என் விரித்த கைகள் வெகுநேரம் கீழே இறங்கவில்லை.

தண்ணீர் வடிந்தபின் நீ குனிந்து பெட்டிக்கடியில் பார்த்தாய். துளை திறந்து கிடந்தது. நீ திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எங்கப்பா மைன்ஸ்ல எறங்குன ஆளு," என்றாய். "மேல இருக்கறவன் எல்லாம் சரின்னா, அத நம்பித்தான் கீழ எறங்குவாரு. நா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே போயி சொல்லு."

மூன்று நாள் நீ என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான்காம் நாள் என்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் பள்ளமான இடங்களிலிருந்த பெட்டிகளையெல்லாம் திறந்து பார்த்திருக்கிறார்கள். இன்னும் மூன்று பெட்டிகளில் துளை திறந்தே கிடந்ததாம். அந்தச் சாலைச் சந்திப்பின் பெட்டியை இடுப்புயர கான்கிரீட் மேடைமேல் தூக்கி வைக்கும்வரை நீ அவர்களை விடவில்லை. நான் திரும்பி வந்த அன்று உன் டிபனை என் பக்கம் தள்ளினாய். "மூஞ்ச தொங்கப் போடாத. சாப்டு."

பிறகு ஒரு நாள், காலை ரயிலில் வேலைக்கு வரும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்துவிட்டாய் என்றார்கள். தங்கவயலில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி என் பெயரைக் கேட்டதும் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களப் பத்தி சொல்லுவாருண்ணா. தப்ப தானே போயி ஒத்துக்கினவன் ஒருத்தன் எங்கூட இருக்கான்னு."

எந்தத் தப்பு என்று நீ கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

இன்று மதியம் என்ஜினியர் ஒரு தாளை நீட்டினார். எட்டுச் சந்திப்புகளிலும் மழைக்கால வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறைத்தான் நான் பார்த்திருந்தேன்.

"எல்லாம் ஒரே ஆளுங்க செஞ்சதுதானப்பா. போடு."

"ரெண்டு பாக்கல சார். பாத்துட்டுப் போடறேன்."

"மழ வர்ற மாதிரி இருக்குது."

"அதுக்குத்தான் சார்."

வானம் கறுத்திருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். முதல் பெட்டியில் சரியாக அடைத்திருந்தார்கள். இரண்டாவதில் அடைக்கவே இல்லை. முதல் தூறல் விழும்போது நான் பசையோடு அதன் முன்னால் மண்டியிட்டிருந்தேன்.