அவர் ஓட்டிய சாகச விமானம்

ஞாயிறு, இரவு.

இன்று மகள் ஜெனியோடு துவாக்குடிப் பக்கம் விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவள் அப்பா வான்சாகசக் குழுவில் ஓட்டிய ஜெட் விமானம் ஓய்வுபெற்று அங்கே நிற்கிறது. அவர் உயிரைக் கொண்டுபோனது இதுவல்ல, அதே குழுவின் வேறொரு விமானம்.

அங்கிருந்த காவலாளி ஏணி வைத்துக் கொடுக்க, ஜெனி ஏறி விமானி இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இவ்ளோ குறுகலா இருக்கே, அப்பாவுக்குத் தோள் இடிச்சிருக்குமேம்மா."

"இடிக்கும். வீட்டுக்கு வந்ததும் தைலம் தேய்ச்சு விடுவேன்."

இறங்கி வந்தவள், "விமானப்படை இன்டர்வியூவுக்குப் போகட்டுமாம்மா?" என்று மறுபடி கேட்டாள். இதுவரை வேண்டாம் என்றே சொல்லி வந்தேன்.

"போ. ரயில் ஏத்திவிட ஸ்டேஷனுக்கு நானே வரேன்."

பயம் போகவில்லை. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன். இன்டர்வியூ நடக்கும் வடக்கே குளிர் அதிகமாம். நாளைக்கே பெரிய கடைவீதியில் அவளுக்கு நல்ல ஸ்வெட்டராக ஒன்று பார்க்க வேண்டும்.