டிரெய்லருக்குப் பின்னால் வந்தவள்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

நான் ஓட்டும் பிக்கப் வண்டி, பின்னால் பெரிய டிரெய்லரை இழுக்கிறது. பழைய பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் சுவர்தான் தெரியும். போன வாரம் திரும்பும்போது, சைக்கிளில் வந்த பெண்ணை இடித்துவிட்டேன். பயப்படாதீர்கள், முழங்கையில் சிராய்ப்புதான்.

"என்னப் பாக்கவே இல்லையா?" என்றாள். சைக்கிளைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தேன்.

டிரெய்லரைத் தாண்டிப் பின்னால் காட்டும் நீளக் கண்ணாடியை நான் கேட்கும்போதெல்லாம், "கழுத்த நீட்டிப் பாரு" என்று சிரித்த முதலாளியிடம், இனி அது இல்லாமல் ஓட்டமாட்டேன் என்று வண்டிச் சாவியை நீட்டினேன். மறுநாளே கண்ணாடியை மாட்டிக் கொடுத்தார்.

இப்போது பின்னால் எல்லாம் தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்புகிறேன், அப்பா. இதையெல்லாம் பேச இங்கே ஆளில்லை.

கழுத்துக்குத் தைலம் அனுப்புங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். "சமாளிச்சுக்கோ" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "ஊருக்கு வந்துடுடா" என்று ஒரு வரி போதும்.

வண்டியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், போகிறேன்.

உங்கள் மகன்