தாத்தா வந்துபோன பிறகு

டிசம்பர் 8, 2023

ராயப்பன்பட்டி முழுக்க வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் போய் வருஷம் திரும்பாத வீடு, நாங்கள் கட்டவில்லை. கொட்டடித்துப் பாடிவரும் கேரல்காரர்களும் எங்கள் வாசல் ஏறமாட்டார்கள். நல்லதாய்ப் போச்சு. அந்தக் கொட்டுச் சத்தத்தை என்னால் தாங்க முடியாது.

டிசம்பர் 13

கிறிஸ்துமஸ் தாத்தா எப்போது வருவார் என்று அனுஷ்கா நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். ஐந்து வயசு, மிட்டாய்க்கு அலைகிறாள் என்று எரிச்சலில் முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே சொன்னாள்: "தாத்தா வந்துட்டுப் போனாத்தானம்மா அப்பா வருவாக!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வருஷா வருஷம் கேரலோடு தாத்தா வந்து ஆடும்போது அவள் அப்பா வீட்டில் இருக்கமாட்டார். தாத்தா போன பிறகு வேர்த்து விறுவிறுத்து வந்து, இந்தத் தடவையும் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று அங்கலாய்ப்பார். முகமூடிக்குள் இருந்தது அவர்தான் என்று பிள்ளைக்குத் தெரியாது. ஆகஸ்டில் நெஞ்சுவலியில் போனவரை, சாமியிடம் போயிருக்கிறார் என்றுதானே எல்லோரும் சொல்லிவைத்தோம்?

பாவி மனுசா, எங்கிட்ட எதை விட்டுட்டுப் போயிருக்கீக பாத்தீகளா.

டிசம்பர் 14

அப்பா இனி வரமாட்டார் என்று இன்றும் அவளிடம் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

டிசம்பர் 22

சாயங்காலம் கேரல் வந்தது. சாவு விழுந்த துட்டி வீடு என்று தெருமுனையிலேயே கொட்டடிப்பதை நிறுத்திவிட்டு, மரியாதையாகக் கடந்துபோனார்கள். அனுஷ்கா ஓடிப்போய்த் தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டாள். இந்த வருஷம் வேஷம் கட்டியது என் வீட்டுக்காரரின் சேக்காளி ஜெபராஜ் அண்ணன். எங்கள் பெட்டியில் இருக்கும் தாத்தா வேஷச் சட்டையைக் கேட்கக் கூசி, தேனியில் வாடகைக்கு எடுத்திருக்கிறார். கொட்டு இல்லாமல் எங்கள் வாசலில் ஆடினார். முகமூடிக்குள் அவர் அழுதது எனக்குக் கேட்டது.

அவர்கள் போனதும் வாசற்படியில் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

"அப்பா வர்ற நேரம்மா."

டிசம்பர் 23

பெட்டியைத் திறந்து சிவப்புச் சட்டையையும் முகமூடியையும் அவள் மடியில் வைத்தேன். அப்பாதான் தாத்தா என்று சொன்னேன். சட்டையை மோந்து பார்த்தாள்.

"அப்ப நேத்து ஏம்மா அப்பா ஆட வரல?"

"அப்பா செத்துப் போயிட்டாக, ஆத்தா. இனி வரமாட்டாக."

வாய்விட்டு நானே சொன்னது இன்றுதான். இரண்டு பேரும் அழுதோம். சட்டையை மடிக்க விடவில்லை, கட்டிக்கொண்டே தூங்கினாள்.

டிசம்பர் 20, 2024

ஸ்டார் கட்டியாயிற்று. ஜெபராஜ் அண்ணன் வந்து எதையெதையோ பேசிவிட்டு, தயங்கித் தயங்கிச் சட்டையைக் கேட்டார். நான் எழுவதற்குள் அனுஷ்கா உள்ளே போய் எடுத்துவந்து நீட்டினாள்.

"அப்பா சட்டை, மாமா. ஆடி முடிச்சதும் கொண்டாந்து தந்துருங்க. நான் வாசல்லயே உக்காந்திருப்பேன்."